ஆடி மாதத்துக் கான்டெஸா

ஜூன் 9, ஞாயிறு

இந்த நோட்டு தாரிகாவுக்காக வாங்கியது. எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், காய்ச்சல் எவ்வளவு என்று குறித்துவைக்கச் சொன்னார் குழந்தை டாக்டர். மூன்று மாதம் எழுதினால் போதும் என்றார். பதினான்கு மாதமாக எழுதுகிறேன். இன்றிலிருந்து கடைசிப் பக்கத்தில் தொடங்கி வேறொன்றும் எழுதப்போகிறேன்.

காலை ஆறரைக்குப் போனவர் மதியம் மூன்றுக்கு வந்தார். பம்ப் கம்பெனியில் ஆடிட்டாம். அவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அளவு பார்க்கிற கருவியைப் பிடிப்பாரே தவிர எண்ணெயில் கைவைக்கிற வேலை இல்லை. இன்று நகக்கண்ணெல்லாம் கிரீஸ். குளியலறையில் துணிக்குப் போடுகிற சோப்புத்தூளால் கை தேய்க்கிற சத்தம் பத்து நிமிடம் கேட்டது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. குறித்துவைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

துவைக்கப் போட்ட பேன்ட் பையில் ஒரு சீட்டு. ஈசிஜி எடுத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டர் கையெழுத்து. முப்பத்துமூன்று வயது மனிதர் மனைவிக்குத் தெரியாமல் ஈசிஜி எடுக்க என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்று, நெஞ்சு வலி. இரண்டு, புதிதாக இன்சூரன்ஸ். மூன்றாவது ஒன்றும் தோன்றுகிறது. அதை எழுதமாட்டேன்.

தாரிகா அரை இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

மறுபடியும் "ஆடிட்". குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். இந்த மாதம் குப்புராஜ் என்கிற பெயருக்கு நாற்பத்தியொரு அழைப்பு. எனக்குப் பத்தொன்பது. குப்புராஜ் இவருடன் பாலிடெக்னிக்கில் படித்தவர். ஊருக்குள் கணபதிப் பகுதியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். எங்களிடம் கார் கிடையாது.

கார் இல்லாதவருக்குக் கார் மெக்கானிக்கிடம் நாற்பத்தியொரு முறை பேச என்ன இருக்கிறது?

ஜூன் 18, செவ்வாய்

தாரிகாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. 99.2. அவர் மூன்று முறை பால்கனிக்குப் போய்ப் பேசினார்.

ஜூன் 23, ஞாயிறு

போய்விட்டேன். அவர் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கணபதிக்கு.

ஒர்க்‌ஷாப்பின் உள்ளே கறுப்பாக, நீள மூக்கோடு ஒரு கார் நின்றது. பானெட் இல்லை. உள்ளே சீட்டுகள் இல்லை. கட்டில் சட்டம் போலக் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய் பற்றவைத்திருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. காலுறை நான் எடுத்துக் கொடுத்தது.

குப்புராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். கீழே குனிந்து சாவகாசமாகச் சொன்னார்.

"லோகு, வெளிய வா. ஊட்டுல இருந்து ஆடிட்டர் வந்திருக்காங்க."

அவர் வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் என்னைப் பார்க்காமல் தாரிகாவைப் பார்த்தார். "சளியோட எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"நீங்க எதுக்கு வந்தீங்க, அதச் சொல்லுங்க."

"ரேஸ் ஓட்டப் போறேன், சிந்து."

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன்தான் விளக்கினார். தொண்ணூற்றியொன்றில் வந்த கான்டெஸா. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். "வெளிநாட்டுக்காரனுக்கு மசில் காரு, பெரிய எஞ்சின் வெச்ச முரட்டு வண்டி, நூறு இருக்குமுங்க அம்மிணி. நம்மூருக்கு இது ஒண்ணுதான்." ஊருக்குத் தெற்கே இருக்கிற டிராக்கில் செப்டம்பரில் புதியவர்களுக்கான பந்தயம். அதற்கு முன் லைசென்ஸ் வாங்க வேண்டும், அதற்குத்தான் ஈசிஜி. ஜூலை கடைசியில் பயிற்சி ஓட்டம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பாப்பா பொறந்ததுல இருந்து நீ கேஸ் மூடியிருக்கான்னு ராத்திரி மூணு தடவ எந்திருச்சுப் பாக்கற. உங்கிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் சொன்னது சரியில்லை. இரண்டு முறைதான் எழுந்து பார்க்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

பந்தய விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக இருக்கும். படித்தேன். ரத்த வகை சரி. பிறந்த தேதி சரி. விபத்து நேர்ந்தால் முதலில் தெரிவிக்கவேண்டியவர்: குப்புராஜ். உறவு: நண்பர்.

என் பெயர் அந்த ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "டிராக்குல ஏதாவதுன்னா டிராக்குல நிக்கறவனத்தானே மொதல்ல கூப்பிடணும்?" என்றார். காரணம் சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதால் இன்னும் பிடிக்கவில்லை. மோர்க்குழம்பு திரிந்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

லைசென்ஸுக்கான ஒரு நாள் வகுப்பு. நானும் போனேன், பொய் சொல்கிறாரா என்று பார்க்க. வகுப்பு நிஜம்தான். மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது. கறுப்புக் கொடியில் உன் எண் காட்டினால் உள்ளே வந்துவிடவேண்டும். வளைவுக்கு முன்னால் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிடவேண்டும்; திரும்பும்போது மிதித்தால் வண்டியின் பின்புறம் சுற்றிவிடும். பாடம் எடுத்தவர் வளைவுக்குள் நுழைகிற கோட்டைப் பலகையில் வரைந்தார். ஆரம் தப்பாக இருந்தது. நான் எம்.எஸ்சி. கணிதம், தாரிகா பிறக்கும்வரை கல்லூரியில் பாடம் எடுத்தவள். சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மதியம் பாடத்துக்கான வண்டியில் சுற்றினார்கள். அவர் எவ்வளவு வேகம் போகிறார் என்று எனக்குத் தெரியவேண்டும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் போனில் நேரம் எடுத்தேன். 1:44.10, 1:41.75, 1:41.20. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

கணபதிக்கு டிபன் கொண்டுபோனபோது கேட்டது. பிரேக்குக்கு எண்ணெய் தள்ளுகிற உருளையை, மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள், வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார் அண்ணன். பழையது இந்த எஞ்சினின் வேகத்துக்குப் போதாதாம்.

"அண்ணா, வேற வண்டிக்குச் செஞ்சது இதுல சரியா இருக்குமா?"

"பொருளுதான் வேற வண்டியோடதுங்க அம்மிணி. கை என்னுது."

இது ஒரு பதிலா? அண்ணன் லோகுவிடம் சிரிப்பதைவிட என்னிடம்தான் அதிகம் சிரிக்கிறார். என் கண்ணைப் பார்ப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இரண்டு பேருடைய ரேஸ் வண்டி நிற்கிறது. அவர்களும் செப்டம்பரில் இதே பந்தயத்தில் ஓட்டப்போகிறார்கள். மூன்று வண்டிக்கும் ஒரே மெக்கானிக். யாரை ஜெயிக்கவைக்க நினைப்பார்? இதை லோகுவிடம் கேட்டேன். "உனக்குக் கல்லூரில வேல திரும்பக் கெடைக்கறது நல்லதுன்னு தோணுது" என்றார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. அம்மா பொள்ளாச்சியிலிருந்து போன். "ஆடில சட்டக்குப் பொத்தான்கூடப் புதுசா தெக்கமாட்டாங்க. மாப்ள புது வண்டிய ஓட்டறாராக்கும். வேண்டாம்னு சொல்ல உனக்கு வாயில்லையா?" இருபத்தெட்டாம் தேதிதான் டிராக் கிடைத்திருக்கிறது என்றேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றும் சொன்னேன்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூட்டம். தாரிகா கூழ் இரண்டு வாய் குடித்தாள். வண்டிக்கு என்று சொன்னதும் பூசாரி இரண்டு எலுமிச்சம்பழம் அம்மன் காலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்று பூஜை அலமாரியில்.

ஜூலை 28, ஞாயிறு

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஏழரைக்கு டிராக். எட்டு மணிக்கு அதிகாரிகள் வண்டியைச் சோதித்தார்கள். பெல்ட், தீயணைப்பான், பேட்டரியை அணைக்கிற சுவிட்ச், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு அவர் ஓட்டுநர்கள் கூட்டத்துக்குப் போனார். அண்ணன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாரிகாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து போட்டோ எடுத்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பது மணிக்கு டிராக்கில் இறங்கினார். முதல் சுற்று 1:34.20. இரண்டாவது 1:31.85. மூன்றாவது 1:30.40. ஒவ்வொரு முறையும் எங்கள் முன்னால் போகும்போது அந்தச் சத்தத்துக்குத் தாரிகா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான்காவது சுற்றுக்கு வண்டி வரவில்லை. 1:40 ஆனது. 1:50. நான் கடிகாரத்தை நிறுத்தவில்லை.

நேர்பாதை முடிகிற இடத்தில் டயர் அடுக்கில் போய் மோதியிருக்கிறது. ரேடியேட்டர் உடைந்து நீராவி வந்ததைப் புகை என்று நினைத்துக் கொடிக்காரர்கள் உள்ளே தீயணைப்புப் பொடியை அடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போனபோது அவர் வெள்ளையாக, மாவில் விழுந்தவர் மாதிரி, தரையில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு எலும்பில் கீறல். வேறொன்றும் இல்லை. ஆறு வாரம் கட்டு.

அண்ணன் அவர் முன்னால் மண்டியிட்டு, "என்னாச்சுடா?" என்றார்.

"பிரேக் எறங்கலடா குப்பு. பாதில நின்னுருச்சு. மறுபடி மிதிச்சேன், அப்புறம்தான் எறங்குச்சு."

அண்ணன் முகத்தில் என்ன வந்தது என்று பார்த்தேன். பயம். தப்புச் செய்தவனுக்குத்தானே பயம் வரும்?

ஜூலை 30, செவ்வாய்

அவருடைய ரேஸ் ஷூவைக் கழுவினேன். இரண்டு முறை.

தாரிகா நன்றாகச் சாப்பிட்டாள். 98.4.

ஆகஸ்ட் 1, வியாழன்

பந்தயம் நடத்துகிற கிளப்பிலிருந்து அறிக்கை கேட்டார்கள். "பிரேக் அமைப்பில் கோளாறு" என்று வலது கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் பெயர் கேட்கிற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினார்.

"அண்ணன் வேணும்னே..." என்று ஆரம்பித்தேன்.

"குப்பு அப்படிச் செய்யமாட்டான். கவனம் தப்பிருக்கும்."

ஒற்றைக் கையால் தாரிகாவைக் குளிப்பாட்டினார். சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறார். வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். ஒன்றரை வருடமாக நான் கேட்ட வாழ்க்கை இதுதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

குப்புராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. சோபாவில் உட்காராமல் கீழே உட்கார்ந்து பிரித்தார். மாஸ்டர் சிலிண்டர், உருப்படி உருப்படியாக.

"முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டேன் லோகு. ரப்பர் கிழியல. ஸ்பிரிங் ஒடையல. ஒரு சொட்டு ஒழுகல. குறை கெடச்சிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்."

"விடு குப்பு. மனுசன்னா தப்பு நடக்கும்."

"என்ன தப்புன்னு தெரியோணுமில்ல?" ஸ்பிரிங்கை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "மத்த ரெண்டு வண்டியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது போகுது. நேத்து ஒரு டீச்சரம்மா பிரேக் வேலைக்கு வந்தாங்க. பக்கத்துக் கடைக்குப் போங்கன்னு அனுப்பிச்சுட்டேன். போல்ட்ட முறுக்கறேன், முறுக்கினனான்னு எனக்கே தெரிய மாட்டீங்குது. திரும்பப் போயிப் பாக்கறேன். இருபது வருசத்துல இப்படி ஆனதில்ல."

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். ஆறவிட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

இரண்டாவது பழத்தை நான் காரில் வைத்தேன். போட்டோ எடுக்கும்போது, தாரிகாவைத் தூக்கிய கையோடு, சீட்டுக்குக் கீழே. அதிகாரிகள் சோதித்து முடித்த பிறகு. வண்டிக்குள் தளர்வாக எதுவும் இருக்கக்கூடாது என்று ஜூலை ஏழாம் தேதி வகுப்பில் மூன்று முறை சொன்னார்கள். அதை இதே நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன். அப்போது நான் யோசித்தது பேனா, தண்ணீர் பாட்டில், போன். அம்மன் பழத்தைப் பொருள் என்று நினைக்கவே தோன்றவில்லை.

ஷூவின் அடியில், குதிகாலுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில், பழத்தோல் நசுங்கி ஒட்டியிருந்தது. இரண்டு விதை. தீயணைப்புப் பொடியை மீறி வாசனை வந்தது. தொட்டியில் கழுவி விட்டுவிட்டேன். ஆதாரம் போயிற்று.

நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடி என்றால் இருபத்தொரு மீட்டர். உருண்டுபோய்ப் பெடலுக்கு அடியில் மாட்டிய ஒரு பழம் நசுங்க அரை வினாடி ஆகும். இந்தக் கணக்கை ஐந்து நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் வண்டி நல்ல வண்டி. அண்ணன் நல்ல மெக்கானிக். அவர் திரும்பவும் ஓட்டப் போவார். சொல்லாவிட்டால் சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். ஒரு வாரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயம் மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

தாரிகாவைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு கணபதிக்குப் போனேன். ஒர்க்‌ஷாப்பில் கான்டெஸா மட்டும் நின்றது, முகம் உள்ளே போய். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். பழம், சீட்டுக்குக் கீழே, ஷூ, விதை. எல்லாவற்றையும். சொல்லும்போது எனக்கே கதை மாதிரி இருந்தது.

அவர் பேப்பரை மடித்தார். "லோகு அனுப்பிச்சானாக்கும்?"

"இல்லண்ணா. அவருக்குத் தெரியாது."

"எம்மேல பாவப்பட்டுப் புருசனும் பொண்டாட்டியும் உக்காந்து பேசிருக்கீங்க. எலுமிச்சம்பழமாம். படிச்ச புள்ள, இன்னும் கொஞ்சம் நல்லதா யோசிச்சிருக்கலாமே."

"நெசமாத்தான் சொல்றேன்."

"பழம் எங்க?"

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்க." தலையாட்டினார். "போங்க அம்மிணி. என் கை தப்பு பண்ணிருக்கு. என் கைய நானே பாத்துக்கறேன்."

இரண்டு மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டவள் நான். என்னை ஒருவர் நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

"செஞ்சு பாத்துரலாம்ணா" என்றேன். "சிலிண்டர மாட்டுங்க. நான் பழம் வாங்கிட்டு வர்றேன். நான் சொல்றது பொய்யின்னா பெடல் எறங்கிரும்."

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையில் பரப்பியிருந்த உருப்படிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

தெருமுனைக் கடையில் ஆறு பழம் வாங்கினேன். ஊறுகாய்க்கா என்று கேட்டாள் கடைக்காரி. இல்லை, காருக்கு என்றேன். ஆடியில் அவளுக்கு அது விசித்திரமாகவே படவில்லை.

மாட்டி, எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. காற்று எடுக்க உள்ளே ஒருவர் பெடல் மிதிக்கவேண்டும். நான்தான் மிதித்தேன். "புடிங்க. விடுங்க. புடிங்க" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பெடல் முதலில் சோர்ந்து கிடந்தது. மிதிக்க மிதிக்கக் கல் மாதிரி ஆயிற்று.

பிறகு பழத்தைப் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் வைத்தார். "கார் பறக்கறாப்பல நெனச்சு மிதிங்க."

மிதித்தேன். பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினேன், பழம் வழுக்கி, வெடித்து, பெடல் இறங்கியது. சேலையெல்லாம் சாறு. அவர் தரையில் படுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார்.

ஆறு பழமும் மிதித்தோம். ஒன்று மட்டும் நழுவி ஓரமாக ஓடிவிட்டது. மற்ற ஐந்திலும் பெடல் பாதியில் நின்றது. கடைசிப் பழம் முடிந்ததும் அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். முகம் கழுவினார், ரொம்ப நேரம்.

திரும்பி வந்து, "எத்தன நாளா தெரியும்?" என்றார்.

"ஒம்போது நாளா."

"நான் உங்க ஊட்டுல வந்து தரையில உக்காந்திருந்தனே, அன்னிக்கும் தெரியும்."

"தெரியும்."

"காபி குடுத்தீங்க." துண்டால் கையைத் துடைத்தார், விரல் விரலாக. "அவன் ரேஸ் ஓட்டாம இருக்கறதுக்கு நான் கை வெளங்காதவனாப் போகோணும். அப்படித்தானே கணக்கு?"

ஆமாம் என்றேன்.

"நான் லோகுகிட்டச் சொல்லமாட்டேன். அது என் வேலையில்ல. நீங்க சொல்லோணும்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

சொல்லிவிட்டேன். தாரிகாவுக்கு நகம் வெட்ட அவர் பிடித்துக்கொண்டிருந்தார், நான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது விரலில் சொன்னேன்.

கையை விடவில்லை. "எப்ப வெச்ச?"

"போட்டோ எடுக்கறப்ப."

போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சீட்டின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது.

"நீ எம்.எஸ்சி.தானே?"

"ஆமா."

"மெடல்கூட வாங்கின."

"ஆமா."

"ம்."

மீதி ஐந்து விரலையும் வெட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டை போட்டுக்கொண்டு கணபதிக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்தபோது கண் சிவந்திருந்தது. திங்கட்கிழமை கிளப்புக்குப் புது அறிக்கை எழுதிக் கொடுக்கிறாராம். அண்ணன் பெயர் அதில் இருக்காது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்று நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. உப்பு. சாவி. டயபர்.

கிளப்பிலிருந்து போன் வந்தது. "தளர்வான பொருள்னு எழுதிருக்கீங்க. என்ன பொருள் சார்?" அவர் பால்கனிக்குப் போகவில்லை. என் முன்னாலேயே சொன்னார். "பழம்." கொஞ்சம் இடைவெளி. "எலுமிச்சம்பழம் சார்." இன்னும் கொஞ்சம் இடைவெளி. "இல்லீங்க, ஜூஸுக்கில்ல."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கணபதிக்கு மூவரும் போனோம். புது ரேடியேட்டர், தட்டி நிமிர்த்திய மூக்கு. கட்டுப்போட்ட கையோடு அவர் சும்மா நிற்க, போல்ட் எடுத்துக் கொடுத்தேன். போன இரண்டு வண்டியில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மற்றது வரவில்லை. வராது என்கிறார் அண்ணன். என்னிடம் முன்பு போலச் சிரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியதும் அதன் தலையில் வெள்ளைக் கோடு போடுகிறார். முன்பு இந்த வழக்கம் இல்லை. கோடு போட்டதற்குப் பிறகும் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறார். அது என்னால் வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றுக் கட்டு பிரித்தாயிற்று. டாக்டர் ஓட்டலாம் என்றார். எதை ஓட்டப்போகிறார் என்று லோகு சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. பயிற்சியில் 1:31.10, 1:30.55. மூன்றாவது வளைவில் இன்னும் சீக்கிரம் பிரேக்கை விடலாம். ஓரத்து மஞ்சள் பலகையைத் தாண்டியதுமே பிரேக்கை விட்டால் அரை வினாடி மிச்சமாகும். சொன்னேன். அடுத்த சுற்று 1:30.05.

செப்டம்பர் 15, ஞாயிறு

பந்தயம். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை ஓட்டுநர்கள் கூட்டத்தில் அதிகாரி சொன்னார்: "வண்டிக்குள்ள பூ, தேங்காய், எலுமிச்சம்பழம், சாமி படம், எதுவும் கூடாது. பூஜைய வெளிய வெச்சுக்கங்க." எல்லோரும் சிரித்தார்கள். தாரிகாவின் ஷூ நாடாவை நான் இரண்டாவது முறை கட்டினேன்.

அண்ணன் இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறார். வண்டி டிராக்குக்குப் போகும் முன் பார்க்கவேண்டிய பத்தொன்பது விஷயம், ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்த்தவர் கையெழுத்து. பதினெட்டிலும் அவர் கையெழுத்து இருந்தது. கடைசியில், உள்ளே தளர்வான பொருள் எதுவும் இல்லை. அங்கே காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க பாருங்க அம்மிணி."

குத்திக்காட்டுகிறாரா, மன்னிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் தெரியவில்லை. தாரிகாவை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஏறினேன். சீட்டுக்குக் கீழே, சீட்டைத் தாங்குகிற சட்டத்தின் இரண்டு பக்கமும், பெல்ட் மாட்டுகிற இடம், பெடல்களுக்குப் பின்னால். விரலால் தடவிப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இறங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

லோகு வந்தார். ஹெல்மெட் ஒரு கையில். ஏறப்போனவர் நின்றார். ஹெல்மெட்டை வண்டியின் கூரைமேல் வைத்தார். கையுறையைக் கழற்றினார். கதவைத் திறந்து மண்டியிட்டு, சீட்டுக்குக் கீழே கைவிட்டார். சட்டத்தின் இரண்டு பக்கமும். பெடல்களுக்குப் பின்னால், ஒவ்வொன்றாக. நான் பார்த்த அதே இடங்களை, அதே வரிசையில். அண்ணன் தாரிகாவைத் தூக்கிக்கொண்டு டயரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு, "சரியா இருக்கு" என்றார். என்னிடம் சொன்னாரா, வண்டியிடமா, தெரியவில்லை.

பதினொரு வண்டி. எட்டாவதாக வந்தார். சிறந்த சுற்று 1:29.65.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன், நான் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் மண்டியிட்டது எனக்கு வலித்ததா என்று. வலித்தது. ஆனால் அவர் பார்க்காமல் ஏறியிருந்தால், நானே கதவைப் பிடித்து நிறுத்தி, ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.